வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் சண்டை

தப்பாத்தான் சொல்லப் போறேன், எனக்கே தெரியுது. ஒண்ணைச் சொல்லப் போய் இன்னொண்ணைச் சொல்லி, கடைசியில நானே மாட்டிக்குவேன். ஏம்மா, கார்ல வரும்போது நான் தலை சுத்துதுன்னு சொன்னேனா, நெஞ்சு படபடங்குதுன்னு சொன்னேனா? ... உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க என்ன கார்லயா இருந்தீங்க. சரி, ரெண்டையும் சொல்லிட வேண்டியதுதான். ஆனா ரெண்டையும் சொன்னா டாக்டர் ரெண்டுக்கும் ஊசி போட்டுட்டா?

என்ன, கையைக் காட்டறீங்க? தொண்டையா? பேச்சே வரலையா! அடப் பாவமே. வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வருதா? வேணாம் வேணாம், முயற்சி பண்ணாதீங்க, இன்னும் புண்ணாகும். நான் பேசறேன், நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க. உள்ள கூப்பிடறதுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கறேன். எங்கயாவது உதைச்சா கையைத் தூக்குங்க. என்னைக் கூட்டிட்டு வந்தவங்க காரை நிறுத்த இடம் தேடிப் போயிருக்காங்க. இந்தத் தெருவுல இடம் கிடைக்காது. கிடைக்கவே கூடாதுன்னு நானும் வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

யார் கூட்டிட்டு வந்ததுன்னு நினைக்கறீங்க? சொந்தமா, பந்தமா? எங்க ஸ்கூல் பெரிய டீச்சர்! மொத்த ஸ்கூலுக்கும் மேல இருக்கறவங்க. நான் யாரு, அங்க தரை துடைக்கிறவ. தரை துடைக்கிறவளை முன்சீட்ல உட்கார வச்சு, தானே பெல்ட்டை இழுத்து மாட்டி, குளுகுளு காத்தை என் மூஞ்சிக்கு நேரா திருப்பி விட்டு... எனக்கு அழுகையே வந்துடுச்சு. சந்தோஷத்துலன்னு நினைச்சுட்டாங்க. பயத்துலம்மா.

ஏன் பயம்னா கேளுங்க. நாங்க துடைக்கிறவங்க மூணு பேர் இருக்கோம். அடுத்த வருஷத்துல இருந்து ஒருத்தரைத்தான் நிரந்தரமா வச்சுக்கப் போறாங்களாம். மத்த ரெண்டு பேருக்கும் கும்பிடு. ஒருத்தி வாட்ச்மேனோட மச்சினி, அவளுக்கு ஆள் பலம் இருக்கு. இன்னொருத்தி சிரிப்பழகி, காலையில கேட்டுல நுழையும்போது போட்ட சிரிப்பை சாயந்திரம் வரைக்கும் கழட்ட மாட்டா. எனக்கு என்ன இருக்கு? இந்த மூஞ்சிதான் இருக்கு. பார்க்கறீங்கல்ல? சும்மா இருந்தாலே சண்டைக்கு நிக்கிற மாதிரி இருக்கும். திங்கட்கிழமை முடிவு சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. யாரு? காருக்கு இடம் தேடறாங்களே, அவங்கதான்!

முதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் புரியும். இதெல்லாம் அந்த இங்கிலீஷ் கிளாஸால வந்த வினை.

அங்க ஒரு இங்கிலீஷ் வாத்தியார் இருக்கார். சின்னப் பையன்தான். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், காத்தடிச்சா சாயற உடம்பு. பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ் அவருதான். என் பொண்ணும் அந்தக் கிளாஸ்தான். அதுங்க முதல்ல வாயே திறக்காதுங்க. திங்கட்கிழமை பாடம் வாசிப்பார், அதுங்க ஃபேனைப் பார்க்கும். புதன்கிழமை எழுதச் சொல்வார், அதுங்க பேனாவைக் கடிக்கும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பேச்சு. எழுந்து நின்னு ஏதாவது பேசணும். ஒண்ணு எழுந்திருக்கும், பல்லைக் காட்டும், உட்காரும். இன்னொண்ணு எழுந்திருக்கும், மூக்கைச் சொறியும், உட்காரும். அந்த மனுஷன் கெஞ்சுவார், கும்பிடுவார். நான் வராண்டா துடைக்கும்போது ஜன்னல்ல பார்ப்பேன், எனக்கே பரிதாபமா இருக்கும். கல்லுல நார் உரிக்கிற வேலை.

அப்புறம் ஒருநாள் ரெண்டு பொண்ணுங்க ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை. தலைமயிரைப் பிடிக்கிற சண்டை! இவரு திட்டலை. என்ன செஞ்சார்னு கேளுங்க. ‘இதையே இங்கிலீஷ்ல போடுங்க’ன்னாராம். போட்டாளுங்க! வாயைத் திறக்காத ரெண்டும் மூச்சு விடாம போட்டுச்சுங்களாம். பேச வராத பிள்ளைக்கும் சண்டை போட வரும்னு அன்னைக்குக் கண்டுபிடிச்சுட்டார் மனுஷன். அதுல இருந்து வாரா வாரம் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் சண்டை. ரெண்டு ரெண்டு பேரா நிக்கணும். தொடக்கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, தமிழ் கூடாது. வார்த்தை கிடைக்கலைன்னா கையால, மூஞ்சியால காட்டிக்கலாம்.

இதெல்லாம் எனக்கு யாரு சொன்னா? என் பொண்ணா சொல்வா? வீட்ல அவ வாயில இருந்து ரெண்டு வார்த்தைதான் வரும். ஒண்ணு ‘தெரியும்’, இன்னொண்ணு ‘தெரியாது’. நான் பாட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை வராண்டா துடைச்சிட்டு வரேன். ஜன்னல் வழியா பார்த்தா... அந்தக் கிளாஸ்ல ஒரு தடியன் இருக்கான், பிள்ளையா அது, பீரோ. என் பொண்ணு மூக்குக்கு நேரா விரலை நீட்டிக்கிட்டு கத்தறான்! அவ முழிக்கிறா. வாத்தியார் மேசை மேல உட்கார்ந்து காலை ஆட்டிக்கிட்டு சிரிக்கிறார்! பெத்த வயிறு கேக்குமா? நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?

மாப்போட உள்ள போனேன். ஈர மாப்பை அவன் ஷூ மேல வச்சு ஒரு அழுத்து. ‘எடுடா விரலை! உங்க வீட்ல பொண்ணு பிள்ளைங்க இல்ல?’ன்னு ஒரு கத்து. வாத்தியாரைப் பார்த்து, ‘நீயெல்லாம் வாத்தியாரா, வேடிக்கை பார்க்கறியே’ன்னு இன்னொரு கத்து. ஆமாம்மா, நீ வா போன்னுதான் சொன்னேன். கோபத்துல எனக்கு மரியாதை ஓடிப்போயிடும். கிளாஸே விழுந்து விழுந்து சிரிக்குது. என் பொண்ணு மேசைக்கு அடியில பூந்துட்டா. தடியன் மட்டும்தான் பாவம், ‘ஆன்ட்டி, என் முறை ஆன்ட்டி, முடிச்சிடறேன் ஆன்ட்டி’ங்கறான்.

வாத்தியார் பொறுமையா எடுத்துச் சொன்னார். எனக்கு மானம் போச்சு. போனாலும் வாய் சும்மா இருக்குமா? ‘பொய்ச் சண்டைன்னா இவன் நல்லாத்தான் போட்டான் சார், என் பொண்ணுதான் சொதப்பிட்டா. வீட்ல முறைச்சே இதைவிட நல்லா போடுவா’ன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். ‘அம்மா, இனிமே நீங்களே வந்து யார் ஜெயிச்சாங்கன்னு சொல்லுங்க’ங்கறார். அவர் சொன்னா அவருக்கு வேண்டியவங்களை ஜெயிக்க வைக்கறார்னு பேச்சு வருதாம். பிள்ளைங்களைக் கேட்டா சிநேகிதத்துக்குக் கை தூக்குதுங்களாம். எனக்குத்தான் இங்கிலீஷே தெரியாதே, அதனால நியாயமா இருக்குமாம். நல்ல கதை! வழி தெரியாதவன்தான் நல்ல டிரைவர்ங்கற மாதிரி இருக்கு.

வேணாம்னு சொல்லியிருக்கணும். சொன்னேனா? நாற்காலி போட்டாங்கம்மா எனக்கு! அந்த ஸ்கூல்ல எல்லா நாற்காலியையும் துடைச்சிருக்கேன், ஒண்ணுல உட்கார்ந்ததில்ல. உட்கார்ந்ததும் ஆசை வந்துடுச்சு. ஏழாவதோட நின்னவ, பத்தாங்கிளாஸ்ல முன்னாடி உட்கார்ந்து தீர்ப்பு சொல்றேன். வெள்ளிக்கிழமைன்னா தலையை நல்லா சீவி, செருப்பைக்கூட கழுவிப் போட்டுக்கிட்டுப் போவேன். வாட்ச்மேன் மச்சினிக்கு வயித்தெரிச்சல் தாங்கலை. ‘என்ன ஜட்ஜம்மா, பாத்ரூம் யாரு கழுவறது?’ம்பா.

உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன, தீர்ப்பெல்லாம் ஒண்ணும் பெரிசா சொல்லலை. எனக்கு என்ன புரியும்? பெஞ்சுக்கு அடியில பபுள்கம் ஒட்டறவன் எவன்னு எனக்குத் தெரியும், அவன் தோத்தான். காகிதத்தைக் கூடையில போடற பிள்ளை ஜெயிச்சுது. ஒரு வாரம் ரெண்டு பேரும் குப்பை போடறவனுங்க, என்ன பண்றது? யாரு சத்தமா கத்தினானோ அவனுக்குக் குடுத்தேன். வாத்தியார் அதையும் தலையாட்டி, ‘பார்த்தீங்களா, குரல் எவ்வளவு முக்கியம்’னு பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினார். ஆனா பெஞ்சு சுத்தமாச்சு, அதைச் சொல்லணும். என் பொண்ணுதான், ‘அம்மா, அங்க வந்தா என்னைத் தெரியாத மாதிரி இரு’ன்னுட்டா. இருந்தேன். அவ முறை வந்தா ஜன்னலைப் பார்ப்பேன்.

இதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் போச்சு. கையைத் தூக்கலையே? சரி.

அப்புறம் சண்டைக்குச் சரக்கு தீர்ந்து போச்சு. ஜன்னல் சீட்டு, பேனா, தொலைஞ்ச பந்து, எத்தனை வாட்டி போடறது? அந்த வாத்தியார் என்ன பண்ணினார், ‘உங்க வீட்ல நடக்கற சண்டையைக் கொண்டு வாங்க’ன்னுட்டார். புத்தி இருக்கா பாருங்க! ஊர் வாயை மூடவே உலைமூடி இல்ல, இவரு வீட்டு வாயைத் திறந்து விட்டுட்டார். தடியன் அவங்க அப்பாவும் சித்தப்பாவும் ஏணிக்குப் போட்ட சண்டையைக் கொண்டு வந்தான். கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு இருக்கா, நாங்க கண்ணாடின்னே கூப்பிடுவோம், அவ அவங்க அம்மா அப்பா சண்டையைக் கொண்டு வந்தா. குளிக்கப் போனா வெளிய வரமாட்டேங்கறாரு, கதவைத் தட்டறாங்க, உள்ளயிருந்து பாட்டு வருது... எனக்கு ஒரு வார்த்தை புரியலை, ஆனா குடும்பமே புரிஞ்சுபோச்சு. அந்த அப்பாவை திங்கட்கிழமை கேட்டுல பார்த்தேன், தலை ஈரமா வந்து நிக்கிறார். சிரிப்பை அடக்க நான் பட்டபாடு!

சிரிச்சேனா? நல்லா சிரிச்சேன். நம்ம வீட்லயும் ஒண்ணு அந்தக் கிளாஸ்ல உட்கார்ந்திருக்குன்னு எனக்கு உறைக்கலையே. அதான் சொல்றேன், ஏழாவதோட நின்னா இப்படித்தான்.

இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பெரிய டீச்சர் கிளாஸைப் பார்க்க வந்துட்டாங்க! வெள்ளிக்கிழமை ஆனா பக்கத்துக் கிளாஸுக்குக் காது கேக்க மாட்டேங்குதுன்னு புகாராம். இந்தச் சண்டையை வச்சுக்கறதா, நிறுத்தறதான்னு பார்க்கணுமாம். என் நாற்காலியை அவங்களுக்குக் குடுத்துட்டு நான் சுவரோரமா மாப்போட நின்னுட்டேன். ‘நீங்கதான் தீர்ப்பு சொல்றீங்களாமே’ன்னு கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. தரை துடைக்கிற நேரத்துல உட்கார்ந்திருக்கேன்னு தெரிஞ்சுபோச்சே.

என் பொண்ணும் கண்ணாடியும் முன்னாடி வந்தாங்க. என் பொண்ணு நேரா என்கிட்ட வந்தா. என்கிட்ட இருந்து மாப்பைப் பிடுங்கினா. பின்னலைச் சுருட்டி உச்சந்தலையில கொண்டையா போட்டா. துப்பட்டாவை இடுப்புல கட்டிக்கிட்டா. தோளைக் கொஞ்சம் தொங்கப் போட்டு, மோவாயை முன்னாடி தள்ளினா... கிளாஸே என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. நான்தாம்மா அது! கண்ணாடி ஒரு பேப்பரை விரிச்சு மூஞ்சிக்கு முன்னாடி பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துச்சு. அது எங்க வீட்டுக்காரர்.

எங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லலையே. பஸ் டிரைவர். பஸ்ல ‘ஓட்டுநரோடு பேசாதீர்’னு எழுதியிருக்கும்ல? அதை வீட்டுக்கும் கொண்டு வந்துட்டார். சாயந்திரம் வருவார், பேப்பரை விரிப்பார், அவ்வளவுதான், ஆள் காணாமப் போயிடுவார். நான் பேப்பரோட பேசுவேன். ஸ்கூல்ல நடந்தது, யாரு வாந்தி எடுத்தது, எந்தக் குழாய் ஒழுகுது, எல்லாம். ‘ம்’ வரும். சில நாள் அதுவும் வராது. அதுக்குப் பேர் சண்டையா? நான் போடுவேன், அவர் போட மாட்டார். ஒரு கையால தட்டற ஓசை.

அதைத்தான் அவ கிளாஸ்ல போட்டா. முதல்ல பரவாயில்லைன்னு நினைச்சேன். நம்மைத்தானே கிண்டல் பண்றா, பண்ணட்டும். பெரிய டீச்சர் வேற நல்லா சிரிக்கிறாங்க. வாத்தியார் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டறார். எனக்குக்கூட கொஞ்சம் பெருமையா இருந்துச்சு, பொய் சொல்வானேன். எவ்வளவு இங்கிலீஷ் வருது அவளுக்கு! தண்ணிக் குழாயைத் திறந்த மாதிரி கொட்டுது. இது என் வயித்துல பிறந்ததா?

அப்ப என் பொண்ணு ஜன்னல்கிட்ட போனா. ஜன்னல் கட்டையில விரலை வச்சு ஒரு இழுப்பு இழுத்தா. அந்த விரலைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தா. அப்புறம் ‘ஃபூ’ன்னு ஊதினா.

ஏம்மா, நான் அப்படியே சுவரோட ஒட்டிக்கிட்டேன்.

அது நான் இல்ல. அது பெரிய டீச்சர்! தினம் காலையில வராண்டாவுல வந்து, ஜன்னல் கட்டையில விரலால இழுத்து, வெளிச்சத்துல பார்த்து, என் மூஞ்சிக்கு நேரா ஊதிட்டுப் போவாங்க. ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. அந்த ஊதலுக்கு நாலு அடி அடிச்சாக்கூட தேவலை. இதை என் பொண்ணு பார்த்ததே இல்ல. அவளுக்கு எப்படித் தெரியும்னு யோசிச்சீங்களா?

நான்தான் செஞ்சு காட்டினேன். வீட்ல. அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு, தினமும்.

இப்படிப் பார்க்காதீங்க, சொல்றேன். ஒருநாள் பேப்பரோட பேசிப் பேசி அலுத்துப்போய், சும்மா, அவங்க விரல்ல தூசி பார்க்கறதைச் செஞ்சு காட்டினேன். பேப்பர் கொஞ்சம் கீழ இறங்குச்சு. மறுநாள் மூக்குக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மேல பார்ப்பாங்களே, அதையும் சேர்த்தேன். இன்னும் இறங்குச்சு. அதுக்கடுத்த நாள் நடையைக் காட்டினேன். பாதம் ரெண்டும் வெளிப்பக்கமா போகும். வயிறு முதல்ல வரும், அவங்க அப்புறம் வருவாங்க. கை ரெண்டும் பின்பக்கம் துடுப்பு மாதிரி. இடுப்புல சாவிக்கொத்து, அடிக்கு அடி ஜலங் ஜலங்னு. நான் அதுக்கு வாத்துன்னு பேர் வச்சிருக்கேன். அடுப்படியில இருந்து கூடம் வரைக்கும் நடந்து காட்டினேன். அந்த மனுஷன் பேப்பரை மடிச்சு வச்சுட்டுச் சிரிச்சார்மா! கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சார். கல்யாணமான புதுசுல பார்த்தது அந்தச் சிரிப்பு. ‘இன்னொரு தடவை நட’ன்னார். அவரா பேசினார்! அப்புறம் விடுவேனா? தினம் நடந்தேன். மூலையில புத்தகத்தை வச்சுக்கிட்டு ஒண்ணு படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்துச்சு. அது படிச்சது இதைத்தான்னு நான் என்ன கனவா கண்டேன்?

சரி, கிளாஸுக்கு வரேன். நேரமாச்சு, அவங்க வந்துடுவாங்க. நான் செய்யறதுக்கு ஒரு வரிசை உண்டு. முதல்ல விரல், அப்புறம் கண்ணாடி, அப்புறம் நடை. விரல் முடிஞ்சுது. அவ கண்ணாடிகிட்ட இருந்து கண்ணாடியைக் கழட்டி மூக்கு நுனியில மாட்டினா. நான் தலையை ஆட்டறேன், கண்ணைக் காட்டறேன், அவ பார்த்தாத்தானே? நான்தான் அவளைத் தெரியாத மாதிரி இருக்கணுமாமே, அவளும் அப்படியே இருக்கா. பெரிய டீச்சர் பக்கம் பார்க்கறேன். கைக்குட்டையை வாயில வச்சிருக்காங்க. சிரிக்கிறாங்களா, பல்லைக் கடிக்கிறாங்களா, தெரியலை. இது யாருன்னு அவங்களுக்குப் புரிஞ்சுதா, புரியலையா? இவ இங்கிலீஷ்ல பேரைச் சொன்னாளா, சொல்லலையா? வாத்துன்னு சொல்லிட்டாளா? வாத்துக்கு இங்கிலீஷ்ல என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்! மொழி தெரியாதவதான் நல்ல ஜட்ஜுன்னு சொன்னாரே அந்த வாத்தியார், அவரைக் கொண்டு வந்து அந்த இடத்துல நிறுத்தணும்.

அப்ப என் பொண்ணு ஒரு காம்பஸ் டப்பாவை எடுத்து இடுப்புல வச்சு ஆட்டினா. ஜலங் ஜலங்.

அடுத்தது நடைதான். நடந்தாள்னா முடிஞ்சுது. விரலை யாருன்னு தெரியாம போகலாம், கண்ணாடியை யாருன்னு தெரியாம போகலாம். அந்த நடையைப் பார்த்து ஸ்கூல் நாயே எழுந்து நின்னு வாலாட்டும். அப்புறம் எங்க நிரந்தரம், எங்க வேலை? சிரிப்பழகி இன்னும் அகலமா சிரிப்பா. வாத்தியாருக்கும் சண்டை கிளாஸ் போயிடும். இவ படிப்பும் அதே ஸ்கூல்ல.

ஒரு காலைத் தூக்கிட்டாம்மா. பாதத்தை வெளிப்பக்கமா திருப்பிட்டா.

நான் விழுந்துட்டேன்.

ஆமா, மயக்கமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பொத்துனு விழுந்தேன். விழறதுக்கு முன்னாடி காஞ்ச இடமா பார்த்துக்கிட்டுத்தான் விழுந்தேன், இன்னொரு பக்கம் அப்பத்தான் துடைச்சு ஈரமா இருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டேன். ஒரே கூச்சல். வாத்தியார் ஒரு பாட்டில் தண்ணியையும் மூஞ்சியில கொட்டிட்டார், மூக்குக்குள்ள போய் தும்மல் வருது, மயக்கத்துல இருக்கறவ தும்மலாமா? அடக்கினேன். தடியன் எங்கேயோ ஓடி நாற்காலி தூக்கிட்டு வரான். என் தலையை யாரோ மடியில எடுத்து வச்சாங்க. மெத்துனு இருந்துச்சு. சாவிக்கொத்து என் காதுல குத்துது. யாரு மடின்னு சொல்லணுமா?

என் பொண்ணு பக்கத்துல வந்து உட்கார்ந்தா. கையைப் பிடிச்சா, பரவாயில்லையே பாசம் இருக்கேன்னு நினைச்சேன். அடியில நறுக்குன்னு கிள்ளினா! அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க நாத்தனார் வந்து ஒரு மாசம் தங்கறேன்னு சொன்னப்பவும் நான் இப்படித்தான் விழுந்தேன், அப்ப அவ கூட இருந்து பார்த்தவ.

சரி, தெரிஞ்சவ சும்மா இருந்தாளா? பெரிய டீச்சர்கிட்ட நீளமா என்னமோ சொன்னா. இங்கிலீஷ்ல! அவங்களும் நீளமா என்னமோ சொன்னாங்க. அதுவும் இங்கிலீஷ்ல! என் தலைக்கு மேல, என்னைப் பத்தி. நான் செத்த பொணம் மாதிரி கிடக்கறேன், ரெண்டு பேரும் பேசிக்கறாங்க. ‘பாவம் எங்கம்மா, உடம்பு சரியில்ல’ன்னு சொன்னாளா? ‘நடிக்கிறாங்க, கண்டுக்காதீங்க’ன்னு சொன்னாளா? ‘அந்த நடை உங்க நடைதான், வீட்ல தினம் நடக்குது’ன்னு ஒப்பிச்சுட்டாளா? ஒரு கண்ணை லேசா திறந்து பார்த்தேன். எனக்கு மூஞ்சி படிக்க வரும்மா. கோபம்னா பத்தடி தூரத்துலயே சொல்லிடுவேன், பொய்க் கோபம் எது, நிஜக் கோபம் எதுன்னு பிரிச்சே சொல்லிடுவேன். ஆனா அவங்க மூஞ்சியில கோபமே இல்ல. அன்பா இருக்காங்க. அதான் பயமா இருக்கு.

கார்ல வரும்போது தமிழ்லதான் கேட்டாங்க. ‘வீட்ல வேலை ரொம்ப ஜாஸ்தியா? மனசுல ஏதாவது வச்சிருக்கீங்களா?’ன்னு. மனசுல ஏதாவது வச்சிருக்கீங்களான்னா என்னம்மா அர்த்தம்? தெரிஞ்சு கேக்கறாங்களா, தெரியாம கேக்கறாங்களா? நான் ‘தலை சுத்துது டீச்சர்’னேன்... இல்ல, ‘நெஞ்சு படபடங்குது’ன்னேன். பார்த்தீங்களா, மறுபடியும் வந்து அதே இடத்துல நிக்கிறேன்! டாக்டர் உள்ள கூப்பிட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டா? அவங்க பக்கத்துலயே நிப்பாங்க, விடமாட்டாங்க. ‘உள்ள நானும் வரேன்’னுட்டாங்க. ஒண்ணும் இல்லாத உடம்புக்கு நான் எங்க போய் வியாதி வாங்கறது? உங்களுக்காவது தொண்டை இருக்கு.

நல்லா யோசிச்சுச் சொல்லுங்க... சரி, தலையை ஆட்டிச் சொல்லுங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? அந்தக் காலைத் தூக்கினதோட சரி, நடக்கலையே. தூக்கின காலை வச்சு யாரும் கண்டுபிடிக்க முடியாதுல்ல? நானே வாயைத் திறக்கலைன்னா யாருக்கும் தெரிய...

ஐயோ, வாசல் கண்ணாடிக் கதவு திறக்குது. வந்துட்டாங்க. பாழாப்போன தெருவுல இடம் கிடைச்சிடுச்சு.

திரும்பாதீங்க. ஏம்மா, திரும்பாதீங்கன்னா திரும்பறீங்களே! ஆமா, அவங்கதான். இந்தப் பக்கம் பாருங்க. என்னைப் பாருங்க. பாதத்தைப் பார்க்காதீங்க! சாவிச் சத்தத்தையும் கேக்காதீங்க! நான் இவ்வளவு நேரம் ஒண்ணுமே சொல்லலை, சரியா? நீங்க ஒண்ணுமே கேக்கலை. சிரிக்காதீங்க... ஐயோ, சிரிக்காதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமா போகட்டும். வாயைப் பொத்துங்க. வாயைப் பொத்தினா தோள் குலுங்குதே! கண்ணுல வேற தண்ணியா ஊத்துது. பார்த்துட்டாங்க. உங்களைப் பார்க்கறாங்க. தன் காலைக் குனிஞ்சு பார்க்கறாங்க. இப்ப என்னைப் பார்க்கறாங்க.

மன்னிச்சுக்குங்கம்மா. எனக்கு வேற வழி தெரியலை.

டீச்சர்! டீச்சர், இந்தம்மாவைப் பாருங்க! உட்கார்ந்திருக்கும்போதே என்னமோ ஆயிடுச்சு டீச்சர், உடம்பெல்லாம் உதறுது, கண்ணுல தண்ணியா கொட்டுது! நர்ஸம்மா, என் டோக்கன் நம்பரை இவங்களுக்குக் குடுங்க, இவங்களை முதல்ல உள்ள தூக்குங்க! நானா? எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர், இவங்களைப் பார்த்த அதிர்ச்சியில என்னுது எல்லாம் சரியாப் போச்சு. நீங்க பதறாதீங்க டீச்சர், நான் பிடிச்சுக்கிட்டேன். ஓடி வராதீங்க! வேணாம் டீச்சர், ஓட வேணாம், இவங்களுக்கு இன்னும் ஜாஸ்தியாகுது... ஐயோ, நடக்கவும் வேணாம், அங்கயே நில்லுங்க!